ஒர்க்-ஸ்டடி: உதவிக் கடிதத்தில் இருக்கும் தொகை ஏன் கட்டண ரசீதில் கழிவதில்லை?

அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் அனுப்பும் நிதியுதவிக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரு வரி இடம்பெறும்: "ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி – 3,000 டாலர்." அதற்கு மேலே மானியங்கள் இருக்கும், பக்கத்தில் கடன் இருக்கும், அடியில் எல்லாவற்றையும் கூட்டிய மொத்தம் இருக்கும். அந்த மொத்தத்தை ஆண்டுச் செலவிலிருந்து கழித்துப் பார்த்து, மிச்சத்தை மட்டும் திரட்டினால் போதும் என்று நம்பும் குடும்பங்கள், ஆகஸ்டில் கட்டண ரசீது வந்ததும் திகைத்துப் போகின்றன. ஏனெனில் ரசீதில் அந்த 3,000 டாலர் கழிக்கப்பட்டிருக்காது. இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் படிக்க வந்த மாணவர்களுக்கு வேறொரு குழப்பம். வளாக வேலை அறிவிப்புகளில் "ஒர்க்-ஸ்டடி மாணவர்களுக்கு மட்டும்" என்று இருப்பதைப் பார்க்கும் அவர்களுக்கு, தாங்களும் விண்ணப்பிக்கலாமா, அது தங்களுக்கு மூடப்பட்ட கதவா என்பது தெரிவதில்லை. இதற்கிடையே, 2026 நிதியாண்டுக்கான வரவுசெலவு முன்மொழிவு இத்திட்டத்தின் நிதியைப் பெருமளவு வெட்டச் சொன்னதால், திட்டமே நின்றுவிட்டதோ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இந்த மூன்று குழப்பங்களுக்கும் வேர் ஒன்றுதான். ஒர்க்-ஸ்டடி என்பது மாணவருக்குத் தரப்படும் பணம் அன்று. மாணவரை வேலைக்கு வைப்பவரின் சம்பளச் செலவில் அரசு ஏற்கும் பங்கு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும்.

மானியம், கடன், ஒர்க்-ஸ்டடி

கல்லூரி தரும் உதவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. மானியமும் கல்வி உதவித்தொகையும் திருப்பித் தர வேண்டாதவை. கூட்டாட்சி அரசின் பெல் கிராண்ட் இந்த வகை. பருவத் தொடக்கத்தில் மாணவரின் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்பட்டு, கட்டணத்தில் கழிந்துவிடும்.

2. கடனும் அதேபோல் கணக்கில் வரவாகும். ஆனால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

3. ஒர்க்-ஸ்டடியில் முன்கூட்டி எதுவும் வரவாகாது. மாணவர் தகுதியான ஒரு வேலையைத் தேடிப் பெற்று, உழைத்து, உழைத்த மணிநேரத்துக்குச் சம்பளம் வாங்க வேண்டும். கடிதத்தில் உள்ள தொகை, அப்படிச் சம்பாதிக்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு மட்டுமே. வேலை கிடைக்காவிட்டாலோ, குறைந்த மணிநேரமே வேலை செய்தாலோ, மீதித் தொகை மாணவருக்கு வராது. அது கடனாகவும் மாறாது.

கூட்டாட்சித் திட்டத்தைத் தவிர, வாஷிங்டன், மினசோட்டா போன்ற சில மாநிலங்கள் தங்களுக்கெனத் தனி ஒர்க்-ஸ்டடித் திட்டங்களை வைத்திருக்கின்றன. அவற்றின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இக்கட்டுரை கூட்டாட்சித் திட்டத்தைப் பற்றியது.

எப்போது, எதற்காகத் தொடங்கியது

படிக்கும் பிள்ளைக்கு அரசுச் செலவில் பகுதிநேர வேலை தருவது 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தோன்றிய சிந்தனை. 1935இல் அமைக்கப்பட்ட தேசிய இளைஞர் நிர்வாகம், பணமின்றிப் படிப்பை நிறுத்தும் நிலையில் இருந்த மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே வேலை கொடுத்துச் சம்பளமும் வழங்கியது. அதன் டெக்சஸ் மாநிலப் பிரிவுக்குத் தலைமை வகித்த இளைஞர் லிண்டன் ஜான்சன். அவரே சான் மார்கஸ் நகரின் ஆசிரியர் கல்லூரியில் துப்புரவு வேலையும், பின்னர் கல்லூரித் தலைவர் அலுவலகத்தில் எடுபிடி வேலையும் பார்த்துப் படித்தவர். குடியரசுத் தலைவரான பிறகு 1964 ஆகஸ்டில் அவர் கையொப்பமிட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கல்லூரி ஒர்க்-ஸ்டடித் திட்டம் இடம்பெற்றது. 1965 நவம்பரில், தாம் படித்த அதே சான் மார்கஸ் கல்லூரியில் கையொப்பமிட்ட உயர்கல்விச் சட்டம், இன்றுவரை அமெரிக்க மாணவர் உதவி அனைத்துக்கும் அடித்தளமாக இருக்கிறது.

அதாவது வறுமை ஒழிப்புச் சட்டத்தின் ஓர் அங்கமாகவே இத்திட்டம் பிறந்தது. இந்த நோக்கத்துக்கும் இன்றைய நிதிப் பங்கீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பின்னர் காண்போம்.

யாருக்குத் தகுதி உண்டு

தகுதி பெற மூன்று நிபந்தனைகள் முக்கியமானவை.

1. ஃபாஃப்சா எனப்படும் கூட்டாட்சி உதவி விண்ணப்பத்தை நிரப்பியிருக்க வேண்டும். அதிலிருந்து மாணவர் உதவிக் குறியீடு என்ற எண் கணக்கிடப்படுகிறது. முன்பு குடும்பம் செலுத்தக்கூடிய தொகை என்ற பெயரில் இருந்த கணக்கீடு, 2024–25 கல்வியாண்டிலிருந்து இந்தப் புதிய குறியீடாக மாறியது. குறியீடு குறையக் குறைய நிதித் தேவை கூடும்; அது பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 1,500 வரை செல்லலாம்.

2. நிதித் தேவை இருக்க வேண்டும். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், போக்குவரத்து அனைத்தையும் சேர்த்துக் கல்லூரி கணக்கிடும் ஆண்டுச் செலவிலிருந்து இந்தக் குறியீட்டையும், கிடைத்துள்ள மற்ற உதவிகளையும் கழித்த பிறகு மிஞ்சும் தொகையே தேவை. செலவு ஒரு பக்கம் இருப்பதால், ஒரே வருமானம் உள்ள குடும்பத்துக்குக் கட்டணம் அதிகமான கல்லூரியில் தேவை அதிகமாகவும், கட்டணம் குறைந்த கல்லூரியில் தேவை குறைவாகவும் தெரியும்.

3. அமெரிக்கக் குடியுரிமை, அல்லது கிரீன் கார்டு போன்ற நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருக்க வேண்டும். அகதி நிலை, புகலிடம் பெற்றவர்கள் முதலிய சில பிரிவினரும் இதில் அடங்குவர். எஃப்-1 மாணவர்களுக்கும், பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4 நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த உதவி இல்லை. தொடக்கப்பள்ளி முதல் அமெரிக்காவிலேயே படித்து, கிரீன் கார்டு வரிசையில் பெற்றோர் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் இதுவே விதி. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மிகவும் வலிக்கும் இடம் இது.

இளநிலை மாணவர் மட்டுமின்றி, முதுநிலை, தொழிற்படிப்பு மாணவர்களும் தகுதி பெறலாம். பகுதிநேரமாகப் படிப்பவரும் பெறலாம். படிப்பில் கல்லூரி வகுத்த முன்னேற்ற அளவைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

தகுதி இருந்துவிட்டால் கட்டாயம் கிடைக்கும் என்பதும் இல்லை. பெல் கிராண்ட்டுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான். பெல் கிராண்ட் தகுதியுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு. ஒர்க்-ஸ்டடியிலோ கூட்டாட்சி அரசு ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறிப்பிட்ட தொகையை ஒதுக்குகிறது. அந்தத் தொகை தீர்ந்ததும், எவ்வளவு தேவையுள்ள மாணவராயினும் அந்த ஆண்டு அவருக்கு இல்லை. ஃபாஃப்சாவுக்குக் கல்லூரிகள் குறிக்கும் முன்னுரிமைத் தேதியை விடாமல் பிடிக்கச் சொல்வது இதனால்தான்.

கடிதத்தை எப்படிப் படிப்பது

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு கல்லூரியின் ஆண்டு மொத்தச் செலவு 34,000 டாலர் என்று கொள்வோம். இதில் கல்லூரிக்கே செலுத்த வேண்டிய கட்டணம், விடுதி, உணவு மூன்றும் சேர்ந்து 30,000. மீதி 4,000 புத்தகம், பயணம், கைச்செலவு. மாணவரின் உதவிக் குறியீடு 1,395. அதிகபட்ச பெல் கிராண்ட் 7,395 டாலராக இருந்த 2025–26 கல்வியாண்டில், இந்தக் குறியீட்டுக்குப் பெல் கிராண்ட் 6,000 டாலர். கடிதத்தில் இருப்பவை:

1. பெல் கிராண்ட் 6,000
2. கல்லூரியின் சொந்த மானியம் 14,000
3. முதலாண்டு மாணவருக்கான கூட்டாட்சிக் கடன் 5,500
4. ஒர்க்-ஸ்டடி 3,000

மொத்தம் 28,500. கல்லூரிக்குச் செலுத்த வேண்டிய 30,000இலிருந்து இதைக் கழித்தால் 1,500 டாலர்தான் குறைகிறது என்று தோன்றும். உண்மையில் கணக்கில் வரவாகப் போவது முதல் மூன்று மட்டுமே: 25,500. ஆக, இரண்டு பருவங்களிலும் சேர்த்துக் குடும்பம் கட்ட வேண்டியது 4,500 டாலர். கடிதம் காட்டிய எண்ணைப்போல் மூன்று மடங்கு. ஒர்க்-ஸ்டடியின் 3,000, செப்டம்பர் முதல் மே வரை சிறிது சிறிதாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருவது. அது புத்தகத்துக்கும் கைச்செலவுக்கும் உதவும், ஆகஸ்டு ரசீதுக்கு உதவாது. மாணவர் எழுத்துமூலம் ஒப்புதல் தந்தால் சம்பளத்தைக் கல்லூரிக் கணக்கிலேயே வரவு வைக்கலாம். அப்போதும் அது உழைத்த பிறகுதான் வரும்.

கடன் 5,500ஐயும் நீக்கிவிட்டுப் பார்த்தால் இந்தப் படிப்பின் உண்மை விலை தெரியும்: 34,000இலிருந்து மானியங்கள் 20,000 போக, 14,000 டாலர். இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது இந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். இந்த எண்ணைப் பெரும்பாலான கல்லூரிகள் சரியாகச் சொல்வதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 91 விழுக்காடு கல்லூரிகள் தங்கள் உதவிக் கடிதங்களில் நிகர விலையைக் குறிப்பிடவே இல்லை அல்லது குறைத்துக் காட்டின என்று மதிப்பிட்டது. மானியத்தையும் கடனையும் ஒர்க்-ஸ்டடியையும் ஒரே பட்டியலில் கூட்டிக் காட்டும் வழக்கம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். பதினேழு வயதுப் பிள்ளையும், அமெரிக்கக் கல்லூரி முறையை முதன்முறையாகச் சந்திக்கும் பெற்றோரும் படிக்கும் கடிதம் இது. இவ்வளவு முக்கியமான இடத்தில் தெளிவு இல்லாதது நியாயமன்று.

சம்பளத்தை யார் தருகிறார்கள்

பொதுவாகச் சம்பளத்தில் 75 விழுக்காடு வரை கூட்டாட்சி நிதியிலிருந்து வரும். குறைந்தது 25 விழுக்காட்டைக் கல்லூரியோ, மாணவரை வேலைக்கு வைக்கும் அமைப்போ தர வேண்டும். மணிக்கு 15 டாலர் சம்பளமெனில், வேலை தரும் துறைக்குச் செலவு 3.75 டாலர். மீதி 11.25 டாலர் அரசுடையது.

இந்த விகிதம் வேலையின் தன்மைக்கேற்ப மாறும். சிறு குழந்தைகளுக்கு வாசிப்புப் பயிற்சியோ கணிதப் பயிற்சியோ அளிக்கும் வேலைக்கு அரசே முழுச் சம்பளத்தையும் தரலாம். இலாப நோக்குள்ள தனியார் நிறுவனத்தில் வேலை என்றால் அரசின் பங்கு பாதிக்கு மேல் போகாது. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு ஒதுக்கப்பட்ட தொகையில் குறைந்தது 7 விழுக்காட்டைச் சமூகச் சேவை வேலைகளில் இருக்கும் மாணவர்களுக்குச் செலவிட வேண்டும் என்றும் விதி உண்டு. ஆகவே ஒர்க்-ஸ்டடி வேலைகள் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள தொடக்கப்பள்ளியிலும், பொது நூலகத்திலும், உணவு வங்கியிலும்கூட இருக்கலாம்.

எல்லைகளும் உண்டு. ஏற்கெனவே பணியில் இருப்பவரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒர்க்-ஸ்டடி மாணவரை அமர்த்தக் கூடாது. கட்சி அரசியல் வேலைக்கோ, வழிபாட்டுக் கட்டடத்தைக் கட்டுவதற்கோ பராமரிப்பதற்கோ இந்த நிதியைப் பயன்படுத்தக் கூடாது. வாக்காளர் பதிவு போன்ற வேலைகளுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று கல்வித் துறை 2025 ஆகஸ்டில் வழிகாட்டுதலை மாற்றியது. மாணவரின் வகுப்பு நேரத்தில் வேலை வாங்கக் கூடாது.

வேலை கிடைப்பது முதல் சம்பளம் வரை

கடிதம் வந்ததும் பலர் செய்யாமல் விடுவது, வேலைக்கு விண்ணப்பிப்பது. உதவி அலுவலகம் வேலையையும் ஒதுக்கிவிடும் என்று நினைக்கிறார்கள். சில கல்லூரிகள் அப்படிச் செய்கின்றன. பெரும்பாலானவை வேலைப் பட்டியலை ஓர் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டு, விண்ணப்பத்தையும் நேர்காணலையும் மாணவரிடமே விட்டுவிடுகின்றன. நூலகம், கணினி உதவி மையம், ஆய்வகம், துறை அலுவலகம் போன்ற நல்ல இடங்கள் பருவம் தொடங்கும் வாரத்திலேயே நிரம்பிவிடும். உணவுக்கூட வேலைதான் பெரும்பாலும் மிச்சமிருக்கும்.

வேலை உறுதியான பிறகும் ஒரு தடங்கல் காத்திருக்கிறது. அமெரிக்காவில் யாரை வேலைக்கு வைத்தாலும் ஐ-9 என்ற படிவத்தை நிரப்பி, வேலை தொடங்கிய மூன்று அலுவல் நாள்களுக்குள் அடையாளத்தையும் வேலை செய்யும் உரிமையையும் மெய்ப்பிக்கும் மூல ஆவணங்களைக் காட்ட வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் அல்லது கிரீன் கார்டு ஒன்றே போதும்; அவை கையில் இல்லாதவர்கள் ஓட்டுநர் உரிமத்தோடு சமூகப் பாதுகாப்பு அட்டையையோ பிறப்புச் சான்றிதழையோ சேர்த்துக் காட்டலாம். கைப்பேசியில் எடுத்த படமோ நகலோ செல்லாது. பாஸ்போர்ட்டை வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு வளாகத்துக்கு வந்துவிட்ட மாணவர், அது அஞ்சலில் வந்து சேரும்வரை வேலையைத் தொடங்கவோ தொடரவோ முடியாமல் நிற்பார். விடுதிக்குப் போகும் பெட்டியில் தலையணைக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியது இந்த மூல ஆவணம்.

மணிநேரக் கணக்கைப் பார்ப்போம். 3,000 டாலர் உச்சவரம்பு, மணிக்கு 15 டாலர் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 200 மணிநேரம். இரண்டு பருவங்களும் சேர்த்து 30 வாரங்கள் எனில், வாரத்துக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் மணிநேரம். இதைத் தாண்டி வாரம் பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்யும் மாணவர், பதினேழாம் வாரத்திலேயே, அதாவது இரண்டாம் பருவத் தொடக்கத்திலேயே உச்சவரம்பைத் தொட்டுவிடுவார். அதன்பிறகு அவரைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பும் துறை முழுச் சம்பளத்தையும் தானே தர வேண்டும். பெரும்பாலான துறைகளுக்கு அதற்கு நிதி இருக்காது. எனவே உச்சவரம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மாணவரே மாதந்தோறும் பார்த்து வர வேண்டும்.

சம்பளம் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. அது 2009 முதல் மணிக்கு 7.25 டாலராகவே நிற்கிறது. மாநிலத்தின் குறைந்தபட்சம் அதைவிட அதிகமென்றால் அதுவே பொருந்தும். மாதம் ஒருமுறையாவது சம்பளம் தர வேண்டும். மாணவர் வேலை நேரத்தைப் பதிவு செய்து, மேற்பார்வையாளர் அதற்கு ஒப்புதல் அளித்த பிறகே சம்பளம் வரும். பதிவு செய்ய மறந்த வாரத்தின் சம்பளம் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும்.

வெளி வேலையைவிட எந்த வகையில் மேல்

இவ்வளவு சிக்கல் எதற்கு, பக்கத்துக் கடையில் அதே சம்பளத்துக்கு வேலை பார்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பணக் கணக்கிலேயே மூன்று வேறுபாடுகள் இருக்கின்றன.

1. தாம் படிக்கும் கல்லூரியிலேயே வேலை செய்யும் மாணவர், குறைந்தது பாதிநேர மாணவராகப் பதிவு செய்து ஒழுங்காகப் படித்துவந்தால், ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியும் பொதுவாகப் பிடிக்கப்படுவதில்லை. இரண்டும் சேர்ந்து 7.65 விழுக்காடு. 3,000 டாலரில் இது 229.50 டாலர். வெளிக் கடையில் அதே தொகையைச் சம்பாதித்தால் இது கழிந்துவிடும். வருமான வரி விதி இரண்டுக்கும் பொது.

2. ஒர்க்-ஸ்டடி வருமானத்தை அடுத்தடுத்த ஆண்டு உதவிக் கணக்கீட்டில் சேர்க்கக் கூடாது. மற்ற வருமானம், ஒரு பாதுகாப்பு வரம்புக்கு மேல் போகும்போது, அந்த மிகுதியில் பாதியை மாணவர் படிப்புக்குத் தர முடியும் என்று எடுத்துக்கொள்ளப்படும். வரிப்படிவத்தில் இரண்டும் ஒரே சம்பளமாகவே தெரியும் என்பதால், ஒர்க்-ஸ்டடிச் சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, அந்தத் தொகை கழிக்கப்பட்டதா என்று உதவி அலுவலகத்திடம் கேட்டு உறுதிப்படுத்துவது நல்லது.

3. பாதிநேரமோ அதற்கு மேலோ படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஸ்னாப் எனப்படும் அரசு உணவு உதவி பொதுவாகக் கிடைக்காது. வாரம் 20 மணிநேரம் வேலை செய்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஒர்க்-ஸ்டடியில் வேலை செய்பவருக்கோ இந்த 20 மணிநேர நிபந்தனை இல்லாமலே விலக்கு உண்டு. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு இது சம்பளத்தையே மிஞ்சும் பயனாக அமையக்கூடும். பலருக்கும் தெரியாத விதியும் இதுதான்.

பணத்தைத் தாண்டியும் ஒன்று உண்டு. தேர்வு வாரத்தில் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வளாக மேற்பார்வையாளர் பெரும்பாலும் இணங்குவார். கடை முதலாளியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எஃப்-1 மாணவர்கள் கவனிக்க வேண்டியது

எஃப்-1 மாணவருக்கு ஒர்க்-ஸ்டடி இல்லை என்பது, வளாக வேலையே இல்லை என்று பொருள்படாது. கல்லூரி தன் சொந்தப் பணத்தில் முழுச் சம்பளமும் தரும் சாதாரண மாணவர் வேலைகள் தனி. அவற்றில் எஃப்-1 மாணவர், பருவம் நடக்கும்போது வாரம் 20 மணிநேரம் வரையும், விடுமுறையில் முழுநேரமும் வேலை செய்யலாம். இரண்டு வேலை பார்த்தாலும் இரண்டும் சேர்த்தே 20 மணிநேரம்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 20 அன்று. இதைத் தாண்டினால் விசா நிலையே பறிபோகும். வளாகத்துக்குள் மாணவர்களுக்குச் சேவை செய்யும் புத்தகக் கடை, உணவகம் ஆகியவற்றைத் தனியார் நிறுவனம் நடத்தினாலும் அவையும் வளாக வேலையாகவே கொள்ளப்படும்.

"ஒர்க்-ஸ்டடி மாணவர்களுக்கு மட்டும்" என்ற அறிவிப்பின் காரணம் இப்போது புரியும். ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில், ஒர்க்-ஸ்டடி மாணவருக்குத் துறை மணிக்கு 3.75 டாலர் செலவிடுகிறது. எஃப்-1 மாணவருக்கு முழு 15 டாலரையும் செலவிட வேண்டும். துறையின் நிதி குறைவாக இருக்கும்போது யாரைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் ஐயமில்லை. இதைத் தம் திறமை மீதான தீர்ப்பாகவோ நாட்டைப் பார்த்துச் செய்யும் பாகுபாடாகவோ எஃப்-1 மாணவர்கள் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அறிவிப்பில் அந்த நிபந்தனை இல்லாத வேலைகளைத் தேடுவதும், ஆய்வகம், விடைத்தாள் திருத்தம், பாடப் பயிற்சி போன்று திறமைக்காகவே முழுச் சம்பளம் தரத் தயாராக இருக்கும் இடங்களை அணுகுவதும்தான் வழி. எச்-4 நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சாதாரண வளாக வேலைக்கும் அனுமதி இல்லை.

எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு: பழைய சூத்திரத்தின் கோணல்

ஆண்டுக்கு ஏறத்தாழ 123 கோடி டாலர் கூட்டாட்சி நிதி சுமார் 3,400 கல்லூரிகளுக்குப் பிரிக்கப்படுகிறது. பிரிக்கும் முறையில்தான் இத்திட்டத்தின் மிகப் பெரிய குறை இருக்கிறது.

முதற்படியாக ஒவ்வொரு கல்லூரிக்கும், அது முன்பு பெற்றுவந்த தொகையை ஒட்டிய அடிப்படை உத்தரவாதம் தரப்படுகிறது. சட்டம் இதற்கு 1999 நிதியாண்டின் ஒதுக்கீட்டை அளவுகோலாக வைத்திருக்கிறது; அந்த ஒதுக்கீடும் அதற்கு முந்தைய பல ஆண்டுகளின் ஒதுக்கீட்டைச் சார்ந்தது. ஆகவே தொடக்கக் காலத்திலேயே சேர்ந்து, விண்ணப்பம் எழுத ஆள்பலம் வைத்திருந்த பழைய கல்லூரிகளுக்கு அன்று கிடைத்த பங்கு இன்றும் தொடர்கிறது. அதன்பின் மிஞ்சும் தொகையே மாணவர்களின் தேவையை வைத்துப் பிரிக்கப்படுகிறது. அந்தத் தேவையும் கல்லூரியின் செலவைச் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், கட்டணம் கூடிய கல்லூரிக்கே அதிலும் சாதகம்.

இதன் விளைவு வெளிப்படையானது. வடகிழக்குப் பகுதியின் பழைய, கட்டணம் மிகுந்த தனியார் கல்லூரியில் படிக்கும் நடுத்தரக் குடும்பத்து மாணவருக்கு ஒர்க்-ஸ்டடி எளிதில் கிடைக்கிறது. பெல் கிராண்ட் பெறும் மாணவர்கள் நிறைந்த, கட்டணம் குறைந்த, பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியில் அவரைவிட ஏழையான மாணவருக்குக் கிடைப்பதில்லை. வறுமையை எதிர்த்துப் பிறந்த திட்டம், வறியவர் அதிகம் படிக்கும் இடத்தில் மிகக் குறைவாக இருப்பது சரிசெய்யப்பட வேண்டிய அநீதி என்றே சொல்ல வேண்டும்.

இது வெறும் நியாய உணர்வு சார்ந்த வாதம் அன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் நாடு முழுவதுக்குமான மாணவர் தரவுகளை ஆராய்ந்து கண்டவை இதற்கு வலுச் சேர்க்கின்றன. ஒர்க்-ஸ்டடி பெறுபவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், இத்திட்டம் இல்லாவிட்டாலும் வெளியே ஏதோ ஒரு வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கு இது வேலை நேரத்தைக் குறைத்துப் பட்டம் முடிக்க உதவுகிறது. மீதிப் பாதிப்பேர் இத்திட்டம் இல்லையென்றால் வேலைக்கே போயிருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் படிப்பில் பயன் குறைவு, படித்தபின் வேலை கிடைப்பதில் பயன் உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களிடமும், அரசுக் கல்லூரி மாணவர்களிடமும் பயன் கூடுதலாகத் தெரிகிறது. பயன் அதிகமாக விளையும் இடத்தைத் தற்போதைய சூத்திரம் விட்டுவிடுகிறது என்பதே இதன் பொருள்.

வெட்டு முன்மொழிவு என்ன சொன்னது

2025இல் வெளியான 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகை முன்மொழிவு, இத்திட்டத்திலிருந்து 98 கோடி டாலரைக் குறைத்து 25 கோடியாக்கச் சொன்னது. கூடவே சம்பள விகிதத்தையும் தலைகீழாக்கி, வேலை தருபவர் 75 விழுக்காடு, அரசு 25 விழுக்காடு என மாற்றவும் பரிந்துரைத்தது. நிதி சரியான இடத்துக்குப் போகவில்லை என்பது முன்மொழிவு சொன்ன காரணங்களுள் ஒன்று.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, முன்மொழிவு சட்டம் அன்று. ஒதுக்கீட்டைத் தீர்மானிப்பது நாடாளுமன்றம். குடியரசுத் தலைவர் கேட்டதும் நாடாளுமன்றம் தந்ததும் வேறுவேறாக இருப்பது அமெரிக்காவில் வழக்கமானதே. இரண்டாவது, சொன்ன காரணம் உண்மையானாலும் தீர்வு அதற்குப் பொருந்தவில்லை. பங்கீடு கோணலாக இருக்கிறது என்றால் பங்கீட்டை நிமிர்த்த வேண்டும். தொகையை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்குவது கோணலை நிமிர்த்தாது. மணிக்கு 15 டாலர் வேலையில் துறையின் பங்கு 3.75இலிருந்து 11.25 டாலராக உயர்ந்தால், வசதி படைத்த கல்லூரி அதைத் தாங்கிக்கொள்ளும். நூலக மேசைக்கு ஆள் வைக்கவே திணறும் சமுதாயக் கல்லூரி முதலில் கைவிடுவது மாணவர் வேலைகளைத்தான்.

கடிதத்தில் ஒர்க்-ஸ்டடி இல்லாதவர்கள்

ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்ற பதிலோடு பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் ஆகஸ்டில் தீர்ந்த தொகை அக்டோபரில் மீண்டும் இருக்கக்கூடும். பெயரளவில் ஒதுக்கப்பட்ட மாணவர்களில் சிலர் வேலையே தேடுவதில்லை, சிலர் கல்லூரி மாறிவிடுகிறார்கள், சிலர் குறைந்த மணிநேரமே வேலை செய்கிறார்கள். கல்லூரிக்கும் இதில் கவலை உண்டு: தனக்குத் தரப்பட்ட நிதியில் 10 விழுக்காட்டுக்கு மேல் செலவழிக்காமல் திருப்பித் தந்தால், அதன் பிற்கால ஒதுக்கீடு அந்த அளவுக்குக் குறைக்கப்படலாம். ஆகவே தகுதியுள்ள மாணவர், உதவி அலுவலகத்திடம் எழுத்துமூலம் இந்த நான்கையும் கேட்கலாம்:

1. ஃபாஃப்சாவின்படி எனக்கு நிறைவேறாத நிதித் தேவை மிச்சம் இருக்கிறதா? எவ்வளவு?

2. ஒர்க்-ஸ்டடிக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டா? அதில் என் பெயரைச் சேர்க்க முடியுமா?

3. பயன்படுத்தப்படாத ஒதுக்கீட்டை எந்த மாதத்தில் மறுபங்கீடு செய்கிறீர்கள்?

4. எந்தத் துறையாவது என்னை வேலைக்கு எடுக்கத் தயாராக இருந்தால், அதை வைத்து ஒதுக்கீடு தர இயலுமா?

நான்காவது கேள்விக்குச் சாதகமான பதில் வர வாய்ப்பு அதிகம். கையில் வேலை உறுதியாக இருக்கும் மாணவர், ஒதுக்கிய தொகையை முழுதும் செலவழிப்பார் என்பது உதவி அலுவலகத்துக்குத் தெரியும். தொகையைத் திருப்பி அனுப்பும் நிலையைத் தவிர்க்க அதற்குத் தேவைப்படுபவரும் அப்படிப்பட்ட மாணவரே.